ஜீப் பட்டியலும் ஜீகோட் லைப்ரரியும்

எங்கள் கூடலூரில் விடிவதற்கு முன்பே தெருமுனைகளில் ஆள் சேர்ந்துவிடும். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியும் பிளாஸ்டிக் கோணியுமாக நிற்பார்கள். ஜீப்புகள் அவர்களை ஏற்றிக்கொண்டு, லோயர் கேம்ப் தாண்டி மலையேறிக் குமுளி வழியாகவோ, கம்பம் போய்க் கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குப் போய், மாலையில் திரும்பும். என் தாய்மாமா அப்படி ஏழு ஜீப்புகளை வைத்து நடத்துகிறார். அவருக்காக வருகைப் பதிவுக்கும் கூலிக் கணக்குக்கும் பைத்தான் மொழியில் ஒரு சிறிய நிரலை முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். போன ஆண்டு ஒரு நாள் அவர் கேட்டார்: "ஏன் மாப்ள, சம்பளக் கணக்கெல்லாம் போடுது, நாளைக்கு யாரு எந்த வண்டில ஏறணும்னு மட்டும் போடாதா?"

எளிய கேள்விதான். ஆனால் அவர் ஒவ்வொரு மாலையும் நோட்டில் எழுதி, அடித்து, மீண்டும் எழுதும் அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருந்த விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டபோது எனக்குக் கொஞ்சம் மலைப்பாகவே இருந்தது. ஆட்கள் 68 பேர். ஏழு வண்டிகளிலும் சேர்த்து இருக்கைகள் 70. தோட்டங்கள் ஐந்து, ஒவ்வொன்றும் கேட்கும் ஆள் எண்ணிக்கை வேறு. தாயும் மகளும் ஒரே வண்டியில் வர வேண்டும். மாமியாரும் மருமகளுமாகிய இன்னொரு இருவர் ஒரே வண்டியில் வரவே கூடாது. இரண்டு ஓட்டுநர்கள் கம்பம்மெட்டுப் பாதைக்குப் போக மாட்டார்கள். 68 பேரை ஏழு வண்டிகளில் எப்படியெல்லாம் ஏற்றலாம் என்று விதியே பாராமல் எண்ணினால் வருவது 58 இலக்கங்கள் கொண்ட எண். ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

இத்தகைய சிக்கல்களுக்கென்றே இருப்பவை, விதிகளுக்கு உட்பட்ட விடையைத் தேடும் நிரல்களான கட்டுப்பாட்டு சால்வர்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மாறி. அதன் மதிப்பு 0 முதல் 6 வரையுள்ள வண்டி எண்களில் ஒன்று. விதிகள் எல்லாம் அந்த மாறிகளின் மீது வைக்கும் கட்டுப்பாடுகள். ஒரு வண்டி நிரம்பியதும் மற்ற ஆட்களின் மாறிகளிலிருந்து அந்த எண்ணைச் சால்வரே நீக்கிவிடும். நீக்க நீக்க வேறு கட்டுப்பாடுகள் விழித்துக்கொண்டு இன்னும் சிலவற்றை நீக்கும். நீக்குவதற்கு எதுவும் இல்லாதபோதுதான் ஒரு மாறிக்கு ஒரு மதிப்பை ஊகித்து வைத்து மேலே போகும். ஊகம் பொய்த்தால் திரும்பிவரும்.

நான் தேர்ந்தெடுத்தது ஜீகோட். அத்தகைய சால்வரை ஆயத்த நிரல்களாகத் தரும் சி பிளஸ் பிளஸ் மொழி லைப்ரரி அது. கிறிஸ்டியன் ஷுல்ட்டே என்பவரின் தலைமையில் உருவாகி 2005இல் முதலில் வெளிவந்தது. அவர் ஸ்டாக்ஹோமில் உள்ள கேடிஎச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 2020இல் மறைந்தார். எம்ஐடி உரிமத்தில் கிடைப்பதால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். கூகுளின் ஓஆர் டூல்ஸ் என்ற சால்வர் பைத்தானுக்கு ஆயத்த இணைப்போடு வருகிறதே, அதை விட்டுவிட்டு இது எதற்கு என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. மாமாவின் அலுவலகத்தில் இருந்தது 32 பிட் டெபியன் லினக்ஸ் ஓடும் பழைய கணினி; அதில் ஓஆர் டூல்ஸ் ஓடாது; ஜீகோட்டோ டெபியனின் தொகுப்புகளிலேயே இருந்தது. புதிய கணினி வாங்கலாம் என்று சொன்னதற்கு மாமா தந்த பதிலை இங்கே எழுத வேண்டியதில்லை.

பைத்தானிலிருந்து சி பிளஸ் பிளஸ் லைப்ரரியை நேராக அழைக்க முடியாது. நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் சி பிளஸ் பிளஸ் கம்பைலர், ஒவ்வொரு செயற்கூற்றின் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டின்) பெயரையும் அதன் உள்ளீடுகளின் வகைகளோடு சேர்த்துச் சிதைத்து வைக்கும். அந்தச் சிதைந்த பெயர் கம்பைலருக்குக் கம்பைலர் மாறலாம். ஆகவே இடையில் பழைய சி மொழியின் பாணியில், எக்ஸ்டர்ன் சி என்ற அறிவிப்போடு, தட்டையான ஒரு மெல்லிய அடுக்கை எழுதிக்கொள்வது வழக்கம். பைத்தானில் உள்ள சிடைப்ஸ் என்ற கருவி அந்த அடுக்கை அழைக்கும். பத்துப் பதினைந்து செயற்கூறுகள் போதும், இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஆறு வாரம் ஆனது.

முதல் அடி வீட்டில் விழுந்தது. மாமாவின் கணினியில் ஒழுங்காக ஓடிய அதே நிரல், என்னுடைய 64 பிட் மடிக்கணினியில் முதல் அழைப்பிலேயே செத்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஓர் இரவு போயிற்று. ஒரு செயற்கூறு எந்த வகையைத் திருப்பித் தரும் என்று நாம் சொல்லாவிட்டால், அது சாதாரண 32 பிட் முழு எண்ணைத் தரும் என்று சிடைப்ஸ் தானாகவே எடுத்துக்கொள்ளும். நான் திருப்பித் தந்ததோ பாயிண்டர், அதாவது நினைவகத்தின் முகவரி. 32 பிட் கணினியில் முகவரியும் 32 பிட்தான் என்பதால் குட்டு வெளிப்படவில்லை. 64 பிட்டில் முகவரியின் மேல் பாதி வெட்டுப்பட்டுப் போனது. கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தெருப் பெயரைத் தொலைத்த கடிதம்போல அது எங்கோ போய் முட்டியது.

இதே குணம் இன்னொரு இடத்திலும் கடித்தது. பதிவேட்டில் ஆட்களுக்கு நான் வைத்திருந்த வரிசை எண்ணுக்குப் பதிலாக, பக்கத்துப் பத்தியில் இருந்த கைபேசி எண்ணை ஓரிடத்தில் தவறுதலாக அனுப்பிவிட்டேன். பைத்தானுக்கு எண் எவ்வளவு பெரிதானாலும் கவலையில்லை. பைத்தானுக்கும் சி மொழிக்கும் இடையிலான எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முழு எண்ணுக்கு 2147483647தான் உச்சம். பத்து இலக்கக் கைபேசி எண் அதைத் தாண்டிவிடும். சிடைப்ஸ் மறுக்கவில்லை, எச்சரிக்கவும் இல்லை. மேற்பகுதியை நறுக்கிவிட்டு எஞ்சியதை உள்ளே அனுப்பியது. என் சி அடுக்கும் வந்த எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாராமல் அதை வரிசைச் சுட்டெண்ணாக எடுத்துக்கொண்டது. அன்று முதல் அந்தப் பக்கம் வரும் ஒவ்வோர் எண்ணையும் வாசலிலேயே நிறுத்திச் சோதிக்கிறேன்.

இவையெல்லாம் எந்த லைப்ரரியை இணைத்தாலும் வரக்கூடியவை. சால்வருக்கே உரிய சிக்கல் வேறு. அதைப் பற்றித்தான் விரிவாக எழுத நினைத்தேன்.

ஊகம் பொய்த்தால் சால்வர் திரும்பிவரும் என்றேன். எப்படித் திரும்பும்? புரோலாக் என்ற தர்க்க நிரல்மொழியின் வழிவந்த பல அமைப்புகள், செய்த மாற்றங்களை ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டே போய், திரும்பும்போது அவற்றைப் பின்னோக்கி அழித்துக்கொண்டே வரும். ஜீகோட் அப்படிச் செய்வதில்லை. மாறிகளும் கட்டுப்பாடுகளும் அடங்கிய முழு உலகத்தையும், ஸ்பேஸ் என்று அதற்குப் பெயர், நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. ஒரு நகலில் ஊகித்துப் பார்த்துத் தோற்றால் அதை வீசிவிட்டு இன்னொரு நகலுக்குப் போகிறது. ஒவ்வோர் அடியிலும் நகலெடுத்தால் நினைவகம் தாங்காது. எனவே சில அடிகளுக்கு ஒருமுறை மட்டும் நகலெடுத்து, இடையில் உள்ள நிலைகளை வேண்டும்போது மறுபடி கணக்கிட்டுக்கொள்ளும். ஜீகோட்டில் தேடலை நடத்தும் பகுதிக்கு எந்திரம் என்று பெயர். அந்த எந்திரத்திடம் நாம் கொடுக்கும் ஸ்பேஸைக்கூட அது தொடுவதில்லை. அதற்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறது.

இந்த ஏற்பாடு தனக்குள் அழகானது. வெளியிலிருந்து கைபிடித்து வருகிறவனுக்குத்தான் இது பொறி. என் முதல் வடிவத்தில், ஒவ்வொரு மாறியை உருவாக்கியதும் அதன் முகவரியைப் பைத்தானுக்குத் திருப்பித் தந்தேன். கட்டுப்பாடு வைக்கும்போது பைத்தான் அந்த முகவரிகளை மீண்டும் அனுப்பும். அதுவரை எல்லாம் சரி. சால்வர் ஓடியது, தீர்வு கிடைத்தது என்றது. "இந்த ஆளுக்கு எந்த வண்டி" என்று அதே முகவரியில் கேட்டேன். நிரல் மொத்தமாகவே மடிந்து விழுந்தது.

நடந்தது இதுதான். தீர்வு இருந்தது நகலின் நகலின் நகலில். என் கையில் இருந்த முகவரியோ, யாரும் தொடாத முதல் உலகத்தின் மாறியைக் காட்டியது. அந்த மாறிக்கு இன்னும் ஒரு மதிப்பும் முடிவாகவில்லை. முடிவாகாத மாறியிடம் மதிப்பைக் கேட்டால் ஜீகோட் விதிவிலக்கு என்ற பிழை அறிவிப்பை எறியும். சி பிளஸ் பிளஸ் எறிந்த விதிவிலக்கைச் சி மொழியில் எழுதப்பட்ட பைத்தானின் உட்புறத்தில் பிடிப்பார் யாரும் இல்லை. பிடிப்பாரில்லாத விதிவிலக்கு முழுச் செயலையும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முழுவதையும், கொன்றுவிடும். கூலிக் கணக்கும் வருகைப் பதிவும் அதே செயலில் ஓடியதால் அவையும் சேர்ந்தே போயின. ஒரு தவறுக்குள் இரண்டு தவறு: விதிவிலக்கை என் அடுக்கிலேயே பிடித்துப் பிழை எண்ணாக மாற்றித் தந்திருக்க வேண்டும், அதற்கும் முன்னால், மாறியின் முகவரியை வெளியே தந்திருக்கவே கூடாது.

மாறி என்று நாம் நினைப்பது ஒரே பொருள் அல்ல. தேடல் நடக்கும்போது ஆயிரம் உலகங்களில் ஆயிரம் பிரதிகளாக அது இருக்கிறது. எல்லா உலகங்களிலும் மாறாமல் இருப்பது அதன் இடம் மட்டுமே: பட்டியலில் பதினேழாவது மாறி எந்த நகலிலும் பதினேழாவதுதான். எனவே வெளியே போக வேண்டியது அந்தப் பதினேழு என்ற எண். சி பிளஸ் பிளஸ் பக்கத்தில் மாறிகளின் வரிசை ஒன்றைத் தாங்கிய பொதுவான ஸ்பேஸ் வகை ஒன்றை எழுதினேன்; நகலெடுக்கும்போது அந்த வரிசை முழுவதையும் ஒழுங்கு மாறாமல் புதுப்பித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. பைத்தான் "பதினேழும் இருபத்து மூன்றும் சமம் அல்ல" என்று சொல்லும். தீர்வு வந்ததும் "இந்தத் தீர்வில் பதினேழின் மதிப்பு என்ன" என்று கேட்கும். எந்தத் தீர்வில் என்பதையும் சேர்த்துக் கேட்பது முக்கியம்.

ஜீகோட் நம்மிடம் எதிர்பார்க்கும் வழக்கம் என்னவென்றால், ஒவ்வொரு சிக்கலுக்கும் ஸ்பேஸிலிருந்து ஒரு புதிய வகையைக் கிளைத்து, நகலெடுக்கும் செயற்கூற்றை நாமே எழுத வேண்டும். பைத்தானிலேயே அந்த வகையை எழுதவிட்டு, சி பிளஸ் பிளஸ் அதைத் திரும்ப அழைக்கும்படி செய்தால் அழகாக இருக்கும் என்று சில நாள் முயன்றேன். நகலெடுப்பு ஒரு தேடலில் ஆயிரக்கணக்கான முறை நடக்கும். ஒவ்வொரு முறையும் எல்லை தாண்டிப் பைத்தானுக்கு வந்து திரும்பினால் சால்வரின் வேகமெல்லாம் வழியிலேயே செலவாகிவிடும். போதாக்குறைக்கு, சி பிளஸ் பிளஸிடம் கொடுத்த பைத்தான் செயற்கூற்றை நான் ஒரு மாறியில் பிடித்து வைக்க மறந்ததால், யாருக்கும் வேண்டாத பொருள் என்று பைத்தானின் குப்பை அகற்றி அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. சால்வர், ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிச் செத்தது. முயற்சியைக் கைவிட்டேன், வருத்தமில்லை.

நினைவகத்தை யார் விடுவிப்பது என்பதிலும் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. எந்திரம் தரும் ஒவ்வொரு தீர்வும் ஒரு முழு ஸ்பேஸ். அதை அழிக்கும் பொறுப்பு வாங்கியவருடையது. குப்பை அகற்றி வந்து பார்த்துக்கொள்ளும் என்று பைத்தான் பக்கம் விட்டால், எப்போது வரும், எதை முதலில் எடுக்கும் என்று உறுதியில்லை. தீர்வு கிடைத்த உடனே எல்லா மதிப்புகளையும் ஒரே அழைப்பில் ஒரு பட்டியலாகப் பெயர்த்துக்கொண்டு, ஸ்பேஸை அங்கேயே அழித்துவிடுகிறேன். எல்லை தாண்டி வருவது 68 எண்கள். அவ்வளவுதான்.

இத்தனையும் சரியான பிறகு நேர்ந்ததுதான் எனக்கு உறைத்தது, ஏனெனில் அதில் போனது மாமாவின் பணம்.

தேடல் முடிவில்லாமல் ஓடிவிடாமல் இருக்க 20 வினாடி நேர வரம்பு வைத்திருந்தேன். அது கட்டாயம் வேண்டும்: சி பிளஸ் பிளஸ் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது நிரலை நிறுத்தக் கன்ட்ரோல் சி அழுத்தினாலும், அந்த அழைப்பு திரும்பும் வரை பைத்தான் அதைக் கவனிக்காது. ஒரு நாள் மாலை இரண்டு புதியவர்கள் சேர்ந்து ஆட்கள் 70 ஆனார்கள், இருக்கையும் 70தான். திரையில் "வழி இல்லை" என்று வந்தது. மாமா அதை நம்பி, வெளி ஜீப் ஒன்றை வாடகைக்குப் பேசி அனுப்பினார். மறுநாள் இரவு நேர வரம்பை எடுத்துவிட்டு அதே பட்டியலை ஓட விட்டேன். நாற்பது வினாடி கழித்து, ஏழே வண்டியில் எல்லோரும் ஏறிய பட்டியல் வந்தது.

எந்திரத்திடம் அடுத்த தீர்வைக் கேட்டால், இரண்டு நிலைகளில் அது எதையும் சுட்டாத வெறும் பாயிண்டரைத் தரும். எல்லாம் தேடி முடித்தாயிற்று, தீர்வே கிடையாது என்பது ஒன்று. நேரமாகிவிட்டது, பாதியில் நிற்கிறேன் என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்தறிய, நிறுத்தப்பட்டாயா என்று எந்திரத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். ஜீகோட் அதற்கு ஒரு செயற்கூறு வைத்திருக்கிறது; என் அடுக்கில் நான் அதை வெளியே கொண்டுவரவில்லை. சால்வருக்குத் தெரிந்த வேறுபாடு என் அடுக்கைக் கடக்கும்போது ஒரே சொல்லாகிவிட்டது. முகவரி வெட்டுப்பட்டால் நிரல் சாகும், நமக்குத் தெரிந்துவிடும். பொருள் வெட்டுப்பட்டால் நிரல் நன்றாகவே ஓடும். இல்லை என்று நிரூபிப்பதும் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். அன்றைய ஜீப் வாடகையை மாமா என்னிடம் கேட்கவில்லை. கேட்காததே கூடுதலாக உறுத்தியது.

இப்போது மூன்று விடைகள் உண்டு: கிடைத்தது, வழியே கிடையாது, நேரம் போதவில்லை. மூன்றாவது வந்தால் மாமா இன்னொரு முறை அழுத்துவார், வரம்பு இரட்டிப்பாகும். ஆனால் அது வருவதே அரிதாகிவிட்டது. ஒரே தோட்டத்துக்குப் போகும் மூன்று வண்டிகளின் பெயர்களை மட்டும் மாற்றிப் போட்டால் கிடைக்கும் ஆறு பட்டியல்களும் மாமாவுக்கு ஒன்றே. சால்வருக்கோ ஆறும் வேறு, ஒன்றில் தோற்றால் மற்ற ஐந்திலும் போய்த் தோற்றுவிட்டுத்தான் வரும். அவ்வண்டிகளில் எண் சிறியதில்தான் வரிசையில் முதல் ஆள் ஏற வேண்டும் என்று ஒரு கட்டுப்பாட்டைச் சேர்த்ததும், நாற்பது வினாடி ஒரு வினாடிக்குள் அடங்கியது. ஆறு வாரம் இணைப்போடு மல்லுக்கட்டியதற்கு, இந்த ஒரு வரியை முதலில் யோசித்திருக்கலாம்.

இன்று முதலிலிருந்து தொடங்குவதானால் இத்தனை நெருக்கமாக இணைப்பேனா என்பது ஐயமே. சிக்கலை, கட்டுப்பாடுகளை எழுதுவதற்கென்றே உள்ள மினிசிங்க் மொழியில் எழுதி, சால்வரைத் தனிச் செயலாக ஓட்டி, அது அச்சிடுவதைப் பைத்தானில் படித்துக்கொள்வது இன்னொரு வழி. தீர்வு ஒவ்வொன்றின் கீழும் பத்துக் குறுங்கோடுகள் வரும். தேடல் முழுமையாக முடிந்தால் பத்துச் சமக்குறிகள் வரும். தீர்வில்லை என்பதற்குத் தனி வரி உண்டு. நான் தொலைத்த அந்த வேறுபாடு அங்கே எழுத்திலேயே இருக்கிறது. சால்வர் செத்தாலும் கூலிக் கணக்கு சாகாது. செயலைத் தொடங்கும் நேரமும் எழுத்தைப் படிக்கும் நேரமும் கூடுதலாகும், ஆனால் மாலையில் ஒருமுறை ஓடும் பட்டியலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஒரு வினாடிக்குள் நூறு முறை சால்வரை அழைக்க வேண்டியவர்களுக்கு மட்டும் நான் வந்த பாதையைச் சொல்வேன்.

இன்னும் ஒன்று பாக்கி. வழியே கிடையாது என்று வந்தால் "யாரால மாப்ள இடிக்குது?" என்று மாமா கேட்கிறார். ஜீகோட் அதைச் சொல்லாது; இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளும். எனவே விட்டுக்கொடுக்கக் கூடிய விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பைத்தானிலிருந்து மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கிறேன். இருக்கை எண்ணிக்கையை அந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அவர் இரண்டு முறை கேட்டும். எந்த விதியை எடுத்தால் வழி பிறக்கிறதோ அதைத் திரையில் காட்டும். பெரும்பாலும் அது யாரோ இருவர் ஒரே வண்டியில் வரமாட்டோம் என்று சொன்ன விதியாகவே இருக்கிறது. அந்த இருவரிடமும் மாமா மாலையில் நேரில் போய்ப் பேசிவிட்டு வந்து, மறுபடியும் அழுத்துகிறார்.